இரண்டால் வகுத்த மூச்சு

பேரப்பிள்ளைக்குச் சளி பிடித்துவிட்டால் நம் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் டாக்டராகிவிடுகிறோம். ஒருவர் கற்பூரவள்ளி என்கிறார். ஒருவர் வெற்றிலையை வாட்டி நெஞ்சில் போடச் சொல்கிறார். இன்னொருவர் வாழைப்பழத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொள்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளை தூங்கும்வரை காத்திருந்து, சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் எண்ணுவேன். என் மருமகளுக்கு இது வேடிக்கை. "அத்தை மூச்சுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்குறாங்க" என்று என் மகனிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். பதினொரு வயதில் பிடித்த பழக்கம் ஐம்பத்தைந்து வயதில் விடாது.

எண்பதுகள் பிறந்து இரண்டோ மூன்றோ வருஷம் ஆகியிருக்கும். மதுரையில் வைகைக்குத் தெற்கே ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே தெருவாசல், உள்ளே நீளமாக ஒரு முற்றம், அதன் இரண்டு பக்கமும் மும்மூன்று வீடுகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். ஒரு வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டிலிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். எங்களுக்கு நேர் எதிரே பஸ் கண்டக்டர் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் அப்பாவை "வாத்தியாரண்ணே" என்பார், அம்மாவை "மதினி" என்பார், அம்மாவும் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது, குழாயடிச் சம்பந்தம்தான்.

அப்பா திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தினமும் காலை ஏழரைக்குக் கிளம்பிப் பஸ் பிடிப்பார். அவருடைய மகள் கணக்கில் மக்கு. அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. அப்போது இருந்தது. நாலாம் வகுப்பில் ஒரு கேள்வி: வரிசையாகப் பத்து மரங்கள் நிற்கின்றன, நடுவே எத்தனை இடைவெளிகள்? நான் பத்தொன்பது என்று எழுதிவிட்டேன். அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எம்மக மரத்தையும் எண்ணிட்டா, வெத்து இடத்தையும் எண்ணிட்டா!" அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் அந்தக் கதைதான். கேலியில் கோபம் இருக்காது, அதனால் எதிர்த்துப் பேசவும் முடியாது. வளவே என்னைப் "பத்தொம்பது" என்று கூப்பிட்ட காலம் உண்டு.

எனக்குப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவன் தம்பி. நடுவில் அம்மாவுக்கு இரண்டு முறை கலைந்துபோனது. அதனால் அவனை யாரும் கீழே விடுவதில்லை. அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் அங்கிட்டும் இங்கிட்டும் நடப்பார். நடந்தபடியே வாய்ப்பாடு சொல்வார். பதினாறாம் வாய்ப்பாடு முடிவதற்குள் தம்பி தூங்கிவிடுவான். எனக்கு அந்த வாய்ப்பாடு இன்றுவரை வராது, தாலாட்டாகக் கேட்டதால் தூக்கம்தான் வரும்.

அந்த மார்கழியில் அவனுக்கு எட்டு மாதம். தெருமுனைப் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி காலை ஐந்து மணிக்கே பாட ஆரம்பித்துவிடும். குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும். தம்பிக்கு மூக்கொழுகல் வந்தது. பிறகு இருமல். அம்மா அவனுக்கு மூன்று சட்டை போட்டு, அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டையும் குல்லாவும் மாட்டிவிட்டாள். மூட்டைக்கு நடுவில் இரண்டு கண்கள் மட்டும் தெரியும். எதிர்வீட்டு அத்தை தினமும் வந்து அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு ஊதுவார், பிறகு சாம்பிராணி போடுவார். எங்கள் வளவில் பிறந்த எல்லாப் பிள்ளையும் அந்த எண்ணெயையும் அந்தப் புகையையும் வாங்கி வளர்ந்ததுதான். தம்பி புகையில் இருமினால், "சளி கரையுது, நல்லதுதேன்" என்பார் அத்தை. ஈரத் தலையும் விளக்கெண்ணெயும் புகையும் சேர்ந்த அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். எவ்வளவு கெடுதல் என்று தெரிந்த பிறகும் பிடிக்கத்தான் செய்கிறது, என்ன செய்ய?

மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டதும், அம்மாவும் அப்பாவும் இரண்டு தெரு தள்ளியிருந்த டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். டாக்டரம்மா கண்டிப்பானவர். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய் இருக்கும். தம்பியைப் போர்த்தியிருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லி, நெஞ்சைப் பார்த்தார்.

"இப்போதைக்குச் சாதாரணச் சளிதான். பயப்பட ஒண்ணும் இல்ல. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. மூக்குல எண்ணெய் விடக் கூடாது. அது உள்ள எறங்கி நுரையீரல்ல போய் உக்காந்துக்கிடும். சாம்பிராணிப் புகை கூடவே கூடாது. இருமல் மருந்து நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க."

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"இனிமேதான் முக்கியம், கேளுங்க. பிள்ளை தூங்கும்போது மூச்சை எண்ணணும். அழும்போது எண்ணாதீங்க, கணக்கு தப்பாப் போயிரும். வயிறு மேல ஏறி எறங்குறது ஒரு மூச்சு. ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. இவன் வயசுக்கு அம்பதோ அதுக்கு மேலயோ போச்சுன்னா, பாலை இழுத்துக் குடிக்கலைன்னா, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுந்துச்சுன்னா, எழுப்பினாலும் அசந்து அசந்து போனான்னா, ராத்திரி பகல்னு பாக்காம உடனே தூக்கிட்டு ஓடி வரணும்."

அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்க வராது. வெளியே வந்ததும் அப்பா என்னைப் பார்த்தார். கண்ணில் அந்தப் பழைய குறும்பு. "என்ன பத்தொம்பது, எண்ணுவியா? மரத்தை மட்டுந்தேன் எண்ணணும்."

அன்று மாலை அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டினார். சாவி கொடுக்கிற கடிகாரம். தோல் வார் என் கைக்கு இரண்டு சுற்று வந்தது. அதுவரை அந்தக் கடிகாரத்தைத் தொடவே எனக்கு உத்தரவு கிடையாது. தூங்குகிற தம்பியின் சட்டைகளுக்கு அடியில் என் உள்ளங்கையை நுழைத்து, வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. முதல் தடவை அப்பாவும் கூடவே எண்ணினார். இருவருக்கும் முப்பத்தெட்டு வந்தது. "பரவாயில்லையே" என்றார் அப்பா. கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் 38 என்று எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டினேன். அவரிடம் கணக்கில் நான் வாங்கிய முதல் பாராட்டு அதுதான்.

மறுநாள் நாற்பது. அதற்கு அடுத்த நாள் நாற்பத்து நாலு. இந்த இரண்டையும் நான் தனியாகத்தான் எண்ணினேன். காலையில் எண்ணுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடினால் என் எண்ணிக்கை பாட்டின் தாளத்துக்குப் போய்விடும். அதனால் பாட்டு நிற்கிற நேரம் பார்த்து எண்ணக் கற்றுக்கொண்டேன்.

அதற்கும் அடுத்த நாள் அரையாண்டுத் தேர்வு. அப்பாவுக்குத் திருமங்கலத்தில் தேர்வு மேற்பார்வை, சீக்கிரம் போக வேண்டும். எனக்கு மத்தியானம் பரீட்சை, அதுவும் கணக்குப் பரீட்சை. காலை ஏழு மணிக்கு ஒலிபெருக்கி ஓய்ந்தது. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். கையை உள்ளே விட்டேன். என் உள்ளங்கைக்கு அடியில் வயிறு குதித்தது. முள் ஒரு சுற்று வந்து நின்றபோது என் வாயில் அறுபத்து நாலு இருந்தது.

"அப்பா, அறுவத்தி நாலு."

அப்பா ஒரு கையில் டிபன் பாக்ஸுடன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி மூட்டைக்குள் சத்தமில்லாமல் கிடந்தான். பிறகு அப்பாவின் முகம் தெளிந்தது. அது எப்படித் தெளிந்தது என்பதை நான் இந்த நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஏறுறதையும் எண்ணியிருக்க, எறங்குறதையும் எண்ணியிருக்க. பழைய பத்தொம்பது கதைதேன். ரெண்டால வகு. எம்புட்டு?"

"முப்பத்திரண்டு."

"அம்புட்டுத்தேன். நேத்தைக்கு நாப்பத்தி நாலு, இன்னைக்கு முப்பத்திரண்டு. குறைஞ்சிருச்சு, தங்கம். இந்தா, சளி எறங்குது."

சிவப்புப் பென்சிலை எடுத்து, என் 64ஐ அடித்து, 32 என்று எழுதினார். கடிகாரத்தை என் கையிலிருந்து கழற்றிக் கட்டிக்கொண்டார். "போயிட்டு வாரேன்" என்று தம்பியின் குல்லாவைத் தொட்டுவிட்டுப் போனார். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கணக்கு வாத்தியாரே சொல்லிவிட்ட பிறகு அவளுக்கு வேறென்ன வேண்டும்?

எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. அப்படித்தான் எண்ணியிருப்பேனோ? மரத்தையும் இடைவெளியையும் சேர்த்து எண்ணிய கழுதைதானே நான். பரீட்சைக்குப் படிக்கலாமென்று ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூடியின் உள்பக்கம் வாய்ப்பாடு அச்சடித்திருக்கும். கண் வாய்ப்பாட்டில் நிற்கவில்லை. அம்மா பால் கொடுத்துப் பார்த்தாள். தம்பி இரண்டு வாய் இழுத்தான், விட்டுவிட்டான், மூச்சு வாங்கினான். மறுபடி வாயில் வைத்தாள். திரும்பிக்கொண்டான். "தூக்கக் கலக்கம்" என்றாள் அம்மா. என்னிடம் சொல்கிறாளா, தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் புளிப்பானைக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். அம்மா புளியிலிருந்து எடுத்த கொட்டைகளை அதில் போட்டு வைப்பாள், நாங்கள் பல்லாங்குழி ஆட. அந்த டப்பாவைப் பார்த்ததும்தான் எனக்குத் தோன்றியது. வயிறு ஏறும்போது மட்டும் ஒரு கொட்டை போட்டால்? இறங்கும்போது கை சும்மா இருக்கும். அப்போது யாரும் ரெண்டால் வகுக்க முடியாதே.

ஆனால் கடிகாரம் திருமங்கலத்துக்குப் போய்விட்டது. முற்றத்தைத் தாண்டி எதிர்வீட்டுக்கு ஓடினேன். கண்டக்டர் மாமா இரவு டூட்டி முடித்து வந்து, கையில் கடிகாரத்தோடு உறங்கிக்கொண்டிருந்தார். அத்தை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, மாமா கடிகாரம் ஒரு நிமிசம் வேணும்."

"எதுக்குடி?"

"தம்பி மூச்சை எண்ணணும். அப்பா நான் தப்பா எண்ணிட்டேன்னுட்டாங்க."

அத்தை மாமாவின் கையைப் பைய தூக்கிக் கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். அவருக்கும் கடிகாரம் பார்க்க வராது. ஒல்லி முள் மேலே பன்னிரண்டில் கிளம்பித் திரும்ப அதே இடத்துக்கு வரும்போது "போதும்" என்று சொல்லச் சொன்னேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு முள்ளையே பார்த்தார். நான் இடது கையைத் தம்பியின் வயிற்றில் வைத்து, வலது கையால் காலி செய்த ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் கொட்டை போட்டேன். டக், டக், டக் என்று தகரத்தில் விழுந்தது. அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். அந்தச் சத்தம் எவ்வளவு வேகமாக விழுந்தது என்பதை எண்ணத் தெரியாதவர்கூடச் சொல்லியிருப்பார்.

"போதும்!" என்றார் அத்தை.

இருவரும் தரையில் கொட்டிப் பத்துப் பத்தாகப் பிரித்தோம். ஆறு குவியல், மேற்கொண்டு எட்டு. அறுபத்தெட்டு.

"அவுக முப்பத்திரண்டுன்னுட்டுப் போனாகளே" என்றாள் அம்மா. "சாயங்காலம் அவுக வந்துரட்டும் மதினி. ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்."

அத்தை தம்பியின் கம்பளிச் சட்டையைத் தூக்கினார். அதற்கடியில் ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. "குளிர்ல திறக்காதீக" என்று அம்மா கையை நீட்டினாள். அதற்குள் வயிறு தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது. மூக்கு இரண்டு பக்கமும் விரிந்தது. என் கை அதன் மேலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா பார்க்கச் சொன்னதை, நான்கு சட்டையைப் போட்டு நாங்களே மூடி வைத்திருந்தோம்.

"குழி விழுகுது மதினி, இந்தா பாருங்க, குழி விழுகுது. சாயங்காலமாம் சாயங்காலம்! வாத்தியார் வர்றவரைக்கும் பிள்ளை தாங்குமா? செருப்பை மாட்டுங்க. ஏட்டி, நீ தெருமுனையில ரிக்‌ஷா நிக்குதான்னு பாரு, வெரசா ஓடு!"

சைக்கிள் ரிக்‌ஷாவில் அம்மா மடியில் தம்பி, பக்கத்தில் அத்தை, கால் பக்கம் நான். மடியில், கொட்டைகளை அள்ளிப் போட்ட ஜியோமெட்ரி பாக்ஸ். எதற்கு எடுத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை, பரீட்சைக்குப் போகிற நினைப்பாக இருக்கலாம். டாக்டரம்மா தம்பியைப் பார்த்ததுமே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எண்ணினீங்களா?"

நான் பாக்ஸைத் திறந்து காட்டினேன். "அறுவத்தெட்டு. ஏறுறதுக்கு மட்டுந்தேன் போட்டேன்."

அவர் கொட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தானும் ஒரு நிமிஷம் எண்ணினார். எழுபது என்றார். நிமோனியா என்று அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. கையோடு சீட்டு எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அதே ரிக்‌ஷாவில் அனுப்பினார். போகும்போது அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "டாக்டரம்மா, நேத்துக் காலைல வரைக்கும் நான் மூக்குல எண்ணெய் விட்டேன். இவுக வேணாம்னுதேன் சொன்னாக, நான்தேன் கேக்கல." டாக்டரம்மா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அத்தையின் தோளைத் தொட்டார். "இனிமே விடாதீங்க. ஆனா சட்டையத் தூக்கிப் பாத்தது நீங்கதானே? போங்க, சீக்கிரம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் மூக்கில் ஒரு குழாயைச் செருகினார்கள். சுவரோரம் ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குமிழி நின்றுவிட்டால் தம்பியும் நின்றுவிடுவான் என்று எனக்கு ஒரு பயம். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்குப் பரீட்சை எப்போது தொடங்கி எப்போது முடிந்ததென்று தெரியாது.

சாயங்காலம் அப்பா வந்தார். வளவில் சொல்லியிருக்கிறார்கள். விரல்களில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. தம்பியைப் பார்த்தார். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எம்புட்டு எண்ணுன?" என்றார். நான் பாக்ஸை நீட்டினேன்.

கொட்டைகளைப் பெஞ்சின் மேல் கொட்டினார். முதலில் வழக்கம்போல இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார். பாதியில் நிறுத்தினார். எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பாக்ஸில் போட்டு எண்ணினார். முடித்ததும் மூடியைச் சாத்தி, அதை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். என் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. பாவமாக இருந்தது.

தம்பி எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். இப்போது சமயநல்லூரில் இருக்கிறான். தொப்பையும் வழுக்கையுமாக, அவன் விடும் குறட்டையைக் கேட்டால் அந்த நுரையீரலா இது என்று தோன்றும். கல்லூரிக்குப் போனபோது அப்பா அந்தக் கைக்கடிகாரத்தை அவனுக்குக் கொடுத்தார். பயல் முதல் வருஷமே ரயிலில் தொலைத்துவிட்டு வந்தான். ஜியோமெட்ரி பாக்ஸும் வீடு மாறியதில் போய்விட்டது. எண்ணெய் விடுவதை அத்தை அன்றோடு நிறுத்தினார். வளவில் அதன்பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் முதல் காரியமாகச் சட்டையைத் தூக்கிப் பார்த்தது அவர்தான்.

பத்தொன்பது கதையை அப்பா அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை நடந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்குக் காய்ச்சல் வந்து, தெர்மாமீட்டரை இரண்டாம் முறை உதறிவிட்டு வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு அவர் புரிந்தார். நூற்று மூன்று என்று காட்டினால் முதலில் தெர்மாமீட்டரைத்தானே சந்தேகப்படுகிறோம்? பிறக்கும் முன்பே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். அறுபத்து நாலை அவரால் கையில் வாங்க முடியவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வித்தையால் அதைப் பாதியாக்கிக்கொண்டார். உங்களில் யார் அப்படிச் செய்ததில்லை?

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அவர் போவதற்கு முந்தின ஐப்பசியில், என் வீட்டில் இருந்தபோது, அவருக்குச் சளி பிடித்து நாலு நாளாகக் காய்ச்சல். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி ஒன்று என் மகன் வாங்கி வைத்திருந்தான். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு மத்தியானம், தலையணையில் சாய்ந்திருந்தவர், கருவியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார்.

"பாப்பா, நீ எண்ணு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் வயிற்றில் கை வைத்தேன். முள் சுற்றி வந்தது.

"எம்புட்டு?"

எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. பெரியவர்களுக்கு இருபது இருந்தாலே அதிகம். வாய் வரைக்கும் பதினெட்டு என்ற பொய் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தாறுப்பா."

அப்பா தலையை ஆட்டினார். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார், அன்று அந்தப் பாக்ஸைப் பிடித்திருந்த மாதிரி.

"ரெண்டால வகுத்துறாத பாப்பா" என்றார். "தம்பிக்குப் போன் போடு."

நான் வகுக்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன்.